கிட்டத்துக் காலேஜ், தூரத்துக் காலேஜ்

பாப்பா படியெறங்கிட்டாளா? சரி. எதிர்த்த ஸ்டுடியோல எப்பவும் கூட்டந்தான். ஃபோட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, வெட்டி, கவர்ல போட்டுக் குடுக்க அரை மணி நேரம் ஆக்கிருவான். நீங்க உக்காருங்கக்கா. ஃபேனுக்கு நேரா உக்காருங்க.

இப்ப என் காதோரமா வந்து ஒண்ணு சொன்னீங்கல்ல, அத இன்னொருக்க சொல்லுங்க. "கிட்டத்துல இருக்குற காலேஜுதான் நல்லதுன்னு எம்பொண்ணுகிட்ட நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பா." அதானே?

கோவமில்லக்கா, கோவமில்ல. நீங்க ஏன் மொகம் மாறுறீங்க? கழுகுமலைல இருந்து பஸ் ஏறி, நம்ம கடையத் தேடி வந்துருக்கீங்க. செண்பகம் நெட் சென்டர்ல போட்டா ஃபாரம் திரும்பி வராதுன்னு யாரோ சொல்லித்தான வந்தீங்க? அதெல்லாம் உண்மைதான். கோவில்பட்டில பன்னெண்டு வருசமா கடை போட்டுருக்கேன். ரேசன் கார்டு, பென்சன், சாதிச் சர்டிபிகேட்டு, காலேஜ் ஃபாரம், எல்லாம் இந்தக் கையிதான். நாக்கு மேல பல்லப் போட்டு ஒருத்தர் ஒரு வார்த்த சொன்னதில்ல என்னைய.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டுக்கா. ஃபாரத்துல மொபைல் நம்பர் கேக்கும், மெயில் கேக்கும். வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மெயில் கிடையாது. ஃபோன் இருக்கும், ரீசார்ஜ் இருக்காது. இல்லைன்னா மாசத்துக்கு ஒரு நம்பர் மாத்துவாங்க. அதனால எங்க நம்பரையே போட்டுருவோம். ஓடிபி எங்களுக்கு வரும், மெசேஜ் எங்களுக்கு வரும், நாங்க கூப்பிட்டுச் சொல்லுவோம். பாருங்க இந்த ஃபோன. இன்னைக்கு மட்டும் எத்தன மெசேஜ்! எல்லாம் ஊரார் வீட்டுச் சேதி.

ஆனா ஒண்ணு. என்கிட்ட வந்த சேதி என்கிட்ட தங்காது. ஒருதடவ நர்சிங் கவுன்சிலிங் தேதிய திடீர்னு முன்னாடி மாத்திட்டான். அந்தப் புள்ள திருப்பூருக்கு வேலைக்குப் போக பஸ் ஏறப் போயிருச்சு. ஃபோன் போகல. கடைய அப்படியே போட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். செருப்பு அந்துருச்சு. பஸ் நகந்துருச்சு, கைய நீட்டி மறிச்சு அந்தப் புள்ளைய எறக்கிக் கூட்டிட்டு வந்தேன். கண்டக்டர் என்னையத் திட்டுன திட்டு இருக்கே! இன்னைக்கு அந்தப் புள்ள மதுரைல நர்சு. அப்படிப்பட்டவ நான். அத நீங்க மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தக் கேளுங்க.

எனக்கு ஒரே பொண்ணு, ரூபிகா. இப்ப மூணாவது வருசம் படிக்கிறா. ஒங்க பாப்பா மாதிரியேதான். படிப்புல சூட்டிக, பேச்சுல வெடுக்கு. பிளஸ் டூ படிக்கும்போது ரெண்டு காலேஜத் தேடிக் கண்டுபுடிச்சிட்டு வந்தா. ரெண்டும் பிரைவேட் யுனிவர்சிட்டி. ஆயிரக்கணக்குல போடுவாங்க, கொஞ்சப் பேரத்தான் எடுப்பான். பேரு வேண்டாம்க்கா, கடைல உக்காந்துக்கிட்டு ஒரு காலேஜப் பத்தி நான் ஒண்ணு சொன்னா அது நாளைக்குத் தெருவுல வேற ஒண்ணா நிக்கும். ஒண்ணு கோயமுத்தூர்ப் பக்கம், இன்னொண்ணு பூனாப் பக்கம். வீட்டுல நாங்க வச்ச பேரு கிட்டத்துக் காலேஜ், தூரத்துக் காலேஜ்.

ஆமா, நீங்க கேக்குற அதே ரெண்டுதான். இல்லைன்னா நான் ஏன் ஒங்ககிட்ட இதையெல்லாம் சொல்லப் போறேன்?

எங்க வீட்டுக்காரருக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு ஏத்திவிடுற வேலை. அவுக ஒரே வார்த்தைல முடிச்சுட்டாக. "அவ எங்க போகணும்ங்காளோ அங்க போகட்டும்." ஆம்பளைக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாக. நான் அப்படி இல்ல. நான் ஒரு நோட்டு எடுத்தேன். நடுவுல கோடு போட்டேன். இந்தப் பக்கம் கிட்டத்துக் காலேஜ், அந்தப் பக்கம் தூரத்துக் காலேஜ். ரூபி அவ பங்குக்குச் சொன்னா, லைப்ரரி எத்தன மணி வரைக்கும், ஒரு வாத்தியாருக்கு எத்தன புள்ளைங்க, பாடத்த நாமளே தேர்ந்தெடுக்கலாமா இப்படி. நான் என் பங்குக்கு எழுதினேன். பஸ்ஸு எத்தன மணி நேரம். இட்லி கெடைக்குமா. ஹாஸ்டல் ஜன்னல்ல கம்பி உண்டா. காய்ச்சல்னா தமிழ்ல பேசுற டாக்டர் இருக்காரா. பத்துக்கு இவ்வளவுன்னு மார்க்கும் போட்டேன்.

ஞாயமாத்தான் போட்டேன்க்கா. தூரத்துக் காலேஜுக்கு லைப்ரரிக்குப் பத்துக்குப் பத்து குடுத்தேன். அதுலெல்லாம் நான் குறைக்கல. கூட்டிப் பாத்தா கிட்டத்துக் காலேஜுதான் மேல நின்னுச்சு. ரூபி நோட்டப் பாத்துட்டுச் சிரிச்சா. "அம்மா, இட்லிக்கும் பத்து, லைப்ரரிக்கும் பத்தா?"ன்னா. இட்லின்னா லேசா? மூணு வருசம் திங்கணும்ல?

அப்புறம் ரெண்டுக்குமே போட்டோம். அவ முடிவா சொல்லிட்டா, "ரெண்டுக்கும் போடுவோம், ரெண்டும் வந்தா எனக்குத் தூரத்ததுதான், இப்பவே சொல்லிட்டேன்"ன்னு. நாந்தான் ஃபாரம் போட்டேன். வேற யாரு போடுவா? நம்பர் கேட்ட எடத்துல கை தானாப் போயி என் நம்பர அடிச்சிருச்சு. மெயிலும் கடை மெயிலு. தூரத்துக் காலேஜுக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுக்கணும், இங்கிலீசுல. அவ எழுதி பென்டிரைவ்ல குடுத்தா, நான் ஏத்தினேன். படிக்கல. பத்து வரிக்கு மேல இங்கிலீசு இருந்தா எனக்குக் கண்ணு சொக்கிரும்.

மாசியில தூரத்துக் காலேஜுக்காரங்க, ஃபாரம் போட்டவங்க அப்பா அம்மாவுக்கு ஆன்லைன்ல ஒரு மீட்டிங் வச்சாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம். இந்தா, இதே எடத்துலதான், அப்ப இருந்த பழைய கம்ப்யூட்டர்ல. நான் தீபாவளிச் சேலையக் கட்டி, பூ வச்சு உக்காந்துருக்கேன். சிரிக்காதீங்க. மொகம் தெரியும்ல! கடைசியில ஒரு மேடம் கேட்டாங்க, பெத்தவங்க ஏதாவது கேக்கணுமான்னு. நான் ரெண்டு நாளாச் சொல்லிப் பாத்து வச்சிருந்தேன். "மேடம், ஹாஸ்டல் விண்டோ கிரில் இருக்கா"ன்னு இங்கிலீசுல ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சது ஆரம்பிச்சபடி இருக்கு, ரூபி கை குறுக்க வந்துச்சு. மௌச எடுத்துச் சட்டுனு மைக்க ஆஃப் பண்ணிட்டா. "நான் டைப் பண்ணிட்டேம்மா, நீ விடு"ன்னா.

நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போயி சேலைய மாத்திட்டேன்.

அதுக்கும் பெறகு நடந்ததுக்கும் சம்பந்தம் இல்லக்கா. சும்மா, ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்.

பெறகு பரீட்சை முடிஞ்சுச்சு. சித்திரை மாசம் ஒரு செவ்வாக்கிழமை, காலைல பதினோரு மணி. கடைல நல்ல கூட்டம். ஃபோன் சிணுங்குச்சு. பாத்தேன். தூரத்துக் காலேஜ். ரூபிகாவ இண்டர்வியூவுக்குத் தேர்ந்தெடுத்துருக்கோம், ஏழு நாளைக்குள்ள சைட்டுக்குள்ள போயி ஒரு நேரம் எடுத்துக்கங்க, எடுக்கலைன்னா வேண்டாம்னு வச்சுக்கிருவோம். அவ்வளவுதான். சட்டுனு எந்திரிச்சு நின்னுட்டேன். சந்தோசத்துலதான்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்க ஆசையா இருக்கு.

சாயங்காலம் சொல்லுவோம்னு வச்சேன். சாயங்காலம் அவ சோத்துக்கு மொகத்தச் சுழிச்சா. நாளைக்குச் சொல்லுவோம்னு விட்டேன். மறுநாள் அவ அவுங்க அப்பாகூட உக்காந்து டிவி பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. இந்த வீட்டுல இந்தச் சிரிப்பு இல்லாமப் போயிரும்ல, இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்னு தோணுச்சு. இப்படியே ஒவ்வொரு நாளா போச்சு. நான் ஒரு நாளும் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணலக்கா. சத்தியமாப் பண்ணல. நாளைக்கு நாளைக்குன்னுதான் இருந்தேன்.

அவ தினம் கேப்பா. "அம்மா, ஏதும் வந்துச்சா?" நான் "இன்னும் வரலட்டி"ம்பேன். அஞ்சாவது நாளு அவளே இந்தச் சேர்ல வந்து உக்காந்துட்டா. "நானே உள்ள போயிப் பாக்குறேன், ஓடிபி வரும், சொல்லும்மா"ன்னா. வந்துச்சு. ஆறு நம்பரு. என் கைக்குள்ள இருக்கு ஃபோனு. எனக்கு எதிர்ல எம்பொண்ணு கீபோர்டுல வெரல வச்சுக்கிட்டு என் வாயப் பாத்துக்கிட்டு இருக்கா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சர்வர் டவுன்"னேன்.

கடைக்கு வர்ற யார்கிட்டயும் சொல்லுற வார்த்தைதான். வேலை ஒழியலைன்னா, எனக்கு ஒடம்பு முடியலைன்னா, ஆளப் புடிக்கலைன்னா, சர்வர் டவுன், நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பிருவோம். அவளும் இந்தக் கடைல வளந்த புள்ளதான். இந்தப் பொய்ய நான் மத்தவங்ககிட்ட சொல்லும்போது எனக்குப் பின்னாடி நின்னு வாயப் பொத்திச் சிரிச்சவ. ஆனா அவகிட்டயே நான் சொல்லுவேன்னு அவளுக்குத் தோணல. "சரிம்மா"ன்னு எந்திரிச்சுப் போயிட்டா. எந்திரிச்சுப் போகும்போது எனக்கு வெத்தல பாக்கு எடுத்துக் குடுத்துட்டுப் போனா.

ஏழாவது நாளு ஒரு மெசேஜ் வந்துச்சு. இன்னைக்கே கடைசின்னு. வெரலால ஒரு தள்ளு தள்ளினேன், போயிருச்சு. அவ்வளவு லேசா இருந்துச்சு.

ரூபி அழல. அழுதுருந்தா சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறேன். ஒரு வாரத்துல கேக்குறதையே நிறுத்திட்டா. பெறகு, "நமக்கு அவ்வளவு தகுதி இல்லபோலம்மா"ன்னா. அவ்வளவுதான். கிட்டத்துக் காலேஜ்ல எடம் வந்துச்சு, சேத்துவிட்டோம். நல்ல காலேஜுக்கா. அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. நல்லாத்தான் சொல்லிக் குடுக்காங்க. இட்லியும் உண்டு. மாசத்துக்கு ஒருக்க வந்து என் மடியில படுத்துட்டுப் போறா. நான் கேட்டது எல்லாம் கெடைச்சுருச்சு பாத்துக்கிடுங்க.

ஆனா அந்தப் புள்ள இல்லக்கா இது. எப்படிச் சொல்ல? முன்னெல்லாம் எதப் பாத்தாலும் "நான் போடுறேன், நான் போறேன்"ம்பா. இப்ப பேச்சுப் போட்டின்னா, "வேண்டாம்மா, அதுக்கெல்லாம் பெரிய ஆளுங்க வருவாங்க"ங்கா. லீவுல பெங்களூர்ல ஒரு வேலை பழகலாம்னு கூடப்படிக்குற புள்ளைங்கெல்லாம் ஃபாரம் போட்டுச்சு, இவ போடல. "நம்மள எடுக்க மாட்டாங்கம்மா"ங்கா. யாருமே எடுக்க மாட்டேன்னு சொல்லலையேட்டி! நாலு பேரு சேந்து எம்பொண்ண எடுக்கலாம்னு உக்காந்து காத்துக்கிட்டுல்ல இருந்தாங்க! இதத் தொண்டை வரைக்கும் கொண்டு வந்து தண்ணியக் குடிச்சு உள்ள தள்ளியிருக்கேன், எத்தன தடவையோ.

போன ஆவணியில பழைய கம்ப்யூட்டரப் போட்டுட்டு இத வாங்கினோம். ஃபைல எல்லாம் மாத்தணும்ல, ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்துக்கிட்டு வந்தேன். ரூபியோட கட்டுரை இருந்துச்சு. எனக்கு என்ன தோணுச்சோ, ஃபோன்ல குடுத்துத் தமிழ்ல மாத்திப் பாத்தேன். ஃபோன் தமிழ் ஒரு தினுசா இருக்கும், இருந்தாலும் வெளங்கிருச்சு.

ஒங்க ஊர்ல நீங்க பாத்த ஒரு வேலையப் பத்தி எழுதுங்கன்னு கேட்டுருக்கான். அவ என்னையப் பத்தி எழுதியிருக்காக்கா. "எங்க ஊர்ல பாதிப் பேருக்கு வர்ற சேதி எங்க அம்மா ஃபோனுக்குத்தான் வரும். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் பாதில எந்திரிச்சுப் போயி சொல்லிட்டு வருவா." அந்த நர்சு புள்ள கதைய எழுதியிருக்கா. செருப்பு அந்ததையும் எழுதியிருக்கா. கடைசில எழுதியிருக்கா, "ஒரு சேதி சேர வேண்டிய ஆளுக்குச் சேர வேண்டிய நேரத்துல சேந்தா ஒரு குடும்பமே மேல வந்துரும். சேராட்டி அவங்களுக்கு என்ன போச்சுன்னுகூட அவங்களுக்குத் தெரியாது. எங்க அம்மாகிட்ட வந்த ஒரு சேதிகூடச் சேராமப் போனதில்ல. நான் பொருளாதாரம் படிக்கணும்னு நெனைக்கிறது அவளப் பாத்துத்தான்."

இதப் படிச்சுட்டுத்தான் அவளக் கூப்பிட்டுருக்கான். நான் ஏத்தின கட்டுரையப் படிச்சுட்டு, என் ஃபோனுக்கே சேதி அனுப்பியிருக்கான்.

அன்னைக்குப் பூரா கடையத் தொறந்து வச்சுக்கிட்டு, வந்த ஆளுக்கெல்லாம் சர்வர் டவுன்னு சொல்லிக்கிட்டு உக்காந்துருந்தேன்.

அப்ப அந்த மைக்க எதுக்கு ஆஃப் பண்ணினா? பின்னாடி ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு அன்னைக்கு. ஒருத்தர் "ஆதார் எங்க, ஆதார் எங்க"ன்னு கத்திக்கிட்டு இருந்தாரு. அந்தச் சத்தத்துக்காகக்கூட இருக்கும்ல? நான் கேக்கவே இல்ல. கேட்டுருந்தா ஒரு நிமிசத்துல தீந்துருக்கும். சம்பந்தம் இல்லன்னு முன்னாடி சொன்னேன்ல? அத விட்டுருங்க. சம்பந்தம் இருக்கு.

எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. சாமிகிட்டகூடச் சொன்னதில்ல. கோயில்ல போயி நின்னாலும் கண்ண மூடிக்கிட்டு ரேசன் கார்டு சைட்டு வேலை செய்யணும்னுதான் வேண்டுவேன், இது பக்கமே போக மாட்டேன். ஒங்ககிட்ட ஏன் சொல்றேன்? நீங்க வந்து என் காதுல சொன்ன வார்த்த, அப்படியே என் வார்த்தக்கா. பாப்பாவ ஃபோட்டோவுக்கு அனுப்பி வச்சுட்டுச் சொன்னீங்க பாருங்க, அந்த வித்தகூட என் வித்ததான்.

இப்ப இன்னொண்ணு வந்து நிக்குது. அவ டிப்பார்ட்மெண்டு மேடம் சொல்லியிருக்காங்க, மேல படிக்க அதே தூரத்துக் காலேஜுக்குப் போடு, நீ போட்டா கெடைக்கும்னு. இந்த முப்பதாந் தேதி கடைசி. இன்னைக்கு இருபத்தஞ்சு. ஞாயித்துக்கிழமை ஃபோன்ல கேட்டேன், போட்டியான்னு. "ஒருதடவ கூப்பிடக்கூடச் செய்யாத வாசல்ல திரும்பப் போயி நிக்கணுமாம்மா?"ன்னா. சொல்லுடி செண்பகம், இப்பச் சொல்லுன்னு மனசு அடிச்சுக்கிடுது. வாயில வந்தது என்ன? "சாப்பிட்டியாட்டி"ன்னு கேட்டு வச்சுட்டேன்.

பயமாருக்குக்கா. அவ திட்டுவா, திட்டட்டும். பேச மாட்டா, பேசாட்டிப் போறா. இனிமே அவ மடியில வந்து படுக்க மாட்டாளேன்னுதான். பாத்தீங்களா, இப்பவும் என் மடியப் பத்தித்தான் பேசுறேன்.

ஒங்களுக்கு நான் புத்தி சொல்ல வரல. ஒங்க பயம் எனக்குத் தெரியும். பூனாவுல ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா கழுகுமலைல இருந்து நீங்க என்ன செய்ய முடியும்? ஒண்ணும் செய்ய முடியாது. அந்தப் பயத்த அவகிட்ட நேரா சொல்லுங்க. சண்டை போடுங்க, அழுங்க, நாலு நாளு சோறு திங்காமக் கெடங்க. என் வாயால மட்டும் சொல்லச் சொல்லாதீங்க.

இந்தா, வந்துட்டா. வா பாப்பா. ஃபோட்டோ நல்லா விழுந்துருக்கா? காட்டு. ம், அம்சமா இருக்க. இப்படி வா, இந்தச் சேர்ல உக்காரு. நான் இந்தப் பக்கம் நின்னுக்கிடுறேன். கீபோர்டு ஒங்கிட்ட இருக்கட்டும், நீயே அடி. பேரு, அப்பா பேரு, பள்ளிக்கூடம். ஆங், அப்படித்தான். மொபைல் நம்பர் கேக்குதா? ஒன் நம்பரப் போடு. ஃபோன் இருக்கு, வைஃபைல ஓடுது, நம்பர் இல்லையா? அம்மா நம்பரப் போடவா? வேண்டாம். என் நம்பரும் வேண்டாம். அக்கா, எதிர்த்தாப்ல கடைல ஒரு சிம் வாங்கிக் குடுங்க புள்ளைக்கு. மெயில் நான் தொறந்து தர்றேன், பாஸ்வேர்ட நீ போடு, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுறேன்.

என்ன பாப்பா கேட்ட? ரெண்டுல எது நல்லதா? கிட்டத்ததுல எம்பொண்ணு படிக்கிறா. ரூபி அக்காவத் தெரியுமா ஒனக்கு? இன்ஸ்டாகிராம்ல பேசிக்கிடுவீங்களா? ஓஹோ. தூரத்துக் காலேஜுக்குப் போட்டு நேரத்த வீணாக்காத, என்னையவே கூப்பிடலன்னு சொன்னாளா?

அப்படியா சொன்னா.

அது சரியில்ல பாப்பா. அவளுக்குத் தெரியாது. தூரத்துக் காலேஜும் அவளக் கூப்பிட்டுச்சு. ரெண்டு காலேஜுமே எம்பொண்ணக் கூப்பிட்டுச்சு. சேதி எனக்கு வந்துச்சு. நான் சொல்லல.

ரெண்டுக்கும் போடு. வந்ததுக்கப்புறம் எது வேணும்னு நீ பாத்துக்க.

இன்னைக்கு ராத்திரிக்குள்ள நீ அவகிட்ட சொல்லிருவல்ல? சொல்லு, தப்பில்ல. ஒங்கிட்ட வந்த சேதி ஒங்கிட்ட தங்க வேண்டாம். ஆனா எனக்கு ஒரு பத்து நிமிசம் குடு. அத நான் சொல்லித்தான் அவ கேக்கணும்.

அக்கா, கடையச் சித்த பாத்துக்கிடுங்க. யாராவது வந்தா உக்காரச் சொல்லுங்க. சர்வர் டவுன்னு மட்டும் சொல்லிராதீங்க. நான் வாசல்ல நின்னு ஒரு ஃபோன் பேசிட்டு வந்துர்றேன்.